கதீட்ரல் சிகரத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு

மளிகைக்கடை ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய சீட்டு அது. மடித்து மடித்து நடுவில் கிழியத் தொடங்கிவிட்டது. 3:45 எழுவது. 5:00 பாதை தொடங்கும் இடம். 7:15 பாறையடி. 7:45 ஏறத் தொடங்குவது. அடுத்து 10:45 என்று ஓர் எண். அதன் கீழே மட்டும் இரண்டு கோடுகள். அந்த நேரத்துக்குள் மூன்றாவது பிட்சின் தலைக்கு வந்து சேராவிட்டால், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சமிருந்தாலும் திரும்பிவிட வேண்டும். எனக்கும் சித்தி மகளான என் தங்கைக்கும் இடையிலான ஒப்பந்தம் அது.

நாங்கள் போகவிருந்தது கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள கதீட்ரல் சிகரத்துக்கு. உயரம் 10,911 அடி, அதாவது 3,326 மீட்டர். பூங்காவின் மேற்பகுதியில் துவாலமி புல்வெளி என்ற பரந்த பச்சை வெளி இருக்கிறது. அங்கே சாலையோரம் வண்டியை நிறுத்தும் இடமே ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உச்சியின் உயரம். இயற்கையியலாளர் ஜான் மியூர் 1869-இல் ஆட்டுமந்தையோடு இந்தப் பக்கம் வந்தவர், செப்டம்பர் 7 அன்று தனியாளாக, கயிறில்லாமல் இந்தச் சிகரத்தின் மேல் ஏறினார். நாங்கள் தேர்ந்தெடுத்தது தென்கிழக்கு முகம். அடியிலிருந்து உச்சிவரை சுமார் 700 அடி நிமிர்ந்த பாறை.

எங்களிடம் இருந்த கயிறு 60 மீட்டர். பாறையோ அதைப்போல மூன்று பங்குக்கும் மேல். அதனால் ஒரே மூச்சில் ஏற முடியாது. ஒருவர் முன்னே ஏறுவார். கீழே இருப்பவர் அவருடைய கயிற்றை இடுப்பில் உள்ள கருவி வழியாக அளந்து விட்டுக்கொண்டே இருப்பார். இதைத்தான் பிலே என்கிறோம். முன்னே போகிறவர் பாறை விரிசல்களில் கேம், நட் என்ற உலோகப் பிடிமானங்களைச் செருகி, அவற்றில் கயிற்றை மாட்டியபடி போவார். நட் என்பது ஆப்பு போன்ற அலுமினியக் கட்டி. கேம், விசையை இழுத்தால் சுருங்கும், விட்டால் விரிசலுக்குள் விரிந்து கவ்வும். நிற்க இடம் கிடைத்ததும் மூன்று பிடிமானங்களை ஒன்றாகக் கட்டி நங்கூரமாக்கி, தன்னை அதில் பூட்டிக்கொண்டு, இரண்டாமவரை மேலே வரவழைப்பார். இரண்டாமவர் பிடிமானங்களைக் கழற்றிக்கொண்டே வருவார். இதுவரை நடந்தது ஒரு பிட்ச். கதீட்ரலில் இப்படி ஐந்து அல்லது ஆறு.

கடினத்தைப் பார்த்தால் இது எளிய வழிதான். அமெரிக்காவில் கயிறு கட்டி ஏறும் பாறைகளுக்கு 5.0, 5.1 என்று எண் கொடுக்கிறார்கள். 1950-களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் டாக்கிட்ஸ் பாறையில் ஏறியவர்கள் வகுத்த முறை. 5.9-க்கு அடுத்தது 5.10, பள்ளிக்கூடத் தசமக் கணக்கு இதில் செல்லாது. கதீட்ரலின் தென்கிழக்கு முகம் 5.6. என் தங்கை உள்ளரங்கச் சுவரில் 5.10 ஏறுகிறவள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் முதல் முறை நாங்கள் தவறு செய்தோம். பாறை எளிதாக இருந்தால் நாளும் எளிதாக இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

அந்த முதல் முறை ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை. கடல்மட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, நாலரை மணி நேரம் வண்டி ஓட்டி, எட்டரைக்குப் பாதையில் கால் வைத்தோம். உடம்புக்கு அந்த உயரம் பழக ஓர் இரவுகூடக் கொடுக்கவில்லை. பாறையடிக்குப் போனபோது பதினொன்றே கால், எனக்குப் பொட்டு இரண்டும் தெறித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னே இரண்டு அணிகள். மூன்றாவது பிட்சில் ஒரு குறுகலான பிளவு இருக்கிறது, உடம்பைத் திணித்து நெளிந்து ஏற வேண்டும். பெரும்பாலோர் அதன் வழியாகத்தான் போகிறார்கள், ஆகவே நெரிசல் அங்கேதான். அதன் கீழே ஒரு திட்டில் நின்று காத்திருந்தபோது மணி இரண்டு இருபது. வெளிச்சம் மங்கியது. மின்னலைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். பதினைந்தில் இடி. ஒலி மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போகும், ஆக ஐந்து கிலோமீட்டர் தொலைவு.

"அக்கா, இப்பத் திரும்பலைன்னா மாட்டிக்குவோம்" என்றாள் தங்கை. நான் இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம் என்றேன். அவள் சொன்னதுதான் சரி. அந்தப் பத்து நிமிடம் என் தவறு.

கயிற்றில் இறங்கும்போது அதை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டால்தான் பின்னால் உருவி எடுக்க முடியும். 60 மீட்டர் கயிறு 30 மீட்டர் ஆகிவிடும். இரண்டு பிட்ச் உயரத்தை மூன்று தவணையாக இறங்கினோம். ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு பிடிமானங்களைப் பாறையிலேயே விட்டுவர வேண்டும். ஆறு போயின. அவற்றின் விலைக்காக நான் ஒரு நிமிடமும் வருந்தவில்லை. ஆலங்கட்டி மழையில் விரல் மரத்து, முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று மூன்று முறை தடவிப் பார்த்த அவளுடைய முகம்தான் மறக்கவில்லை. வண்டிக்கு வந்தபோது இருட்டி ஒரு மணி நேரம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஹெட்லேம்ப் இருந்தது.

அடுத்த ஆண்டு ஜூலைக்கு முன்பு, அடுப்படி மேசையில் உட்கார்ந்து பின்னாலிருந்து முன்னாலாகக் கணக்குப் போட்டோம். திட்டம் என்றால் எனக்கு இப்போது அதுதான். எத்தனை மணிக்குப் புறப்படலாம் என்று தொடங்கினால் நம் வசதி முன்னே வந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை மணிக்கு உச்சியில் இருக்கவே கூடாது என்று தொடங்க வேண்டும்.

கதீட்ரல் இருக்கும் சியரா நெவாடா மலைத்தொடரில் கோடைக்கால இடி பெரும்பாலும் பிற்பகலில் வருகிறது. வெயிலில் சூடான மலைச்சரிவுகள் காற்றை மேலே தள்ள, தெற்கிலிருந்து ஈரம் வந்திருந்தால், நண்பகலுக்குள் மேகம் எழுந்து நிற்கும். அதனால் ஒரு மணிக்கு உச்சியில் யாரும் இருக்கக் கூடாது என்று வைத்தோம். ஒரு பிட்சுக்கு 40 நிமிடம். ஏறும் நேரம் அதில் பாதிகூட இராது, மீதி நங்கூரம் கட்டுவதிலும் கயிற்றை இழுத்து அடுக்குவதிலும் போகும். ஆறு பிட்ச், நாலு மணி நேரம். நடைக்கு ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் போதும்: மூன்று மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. எங்களுக்கு மூன்று மைலுக்குச் சற்றுக் குறைவு, ஏற்றம் சுமார் 1,600 அடி. ஒன்றே முக்கால் மணி வந்தது. முதுகில் கயிறும் இரும்பும் இருக்கிறது, அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்குதான். அரை மணி கூட்டினோம். இப்படிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தபோது, எழும் நேரம் 3:45 என்று தானாக வந்து நின்றது.

"இவ்வளவு சீக்கிரமா?" என்றாள்.

"கணக்கு சொல்லுது கண்ணு, நான் சொல்லலை."

10:45-ஐப் பற்றி மட்டும் அரை மணி பேசினோம். அந்த நேரத்தை ஏன் வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டும்? பாறையில் நிற்கும்போது மனசு நேர்மையாக இருப்பதில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டோம், இன்னும் மூன்று பிட்ச்தானே, மேகம் அந்தப் பக்கம் போனாலும் போகலாம் என்று அது காரணம் தேடும். மேசையருகே காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் மனசுக்கு ஆசையும் இல்லை, பயமும் இல்லை. அது சொல்வதைக் காகிதத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். திட்டப்படி பிளவைத் தாண்டும் நேரம் 9:45. ஒரு மணி நேரம் தாமதம் தாங்கும். அதற்கு மேல் தாமதித்தால் உச்சி ஒரு மணியைத் தாண்டிவிடும். கதீட்ரலில் மேலே போகப் போக இறங்குவதற்கு ஆகும் செலவும் நேரமும் கூடிக்கொண்டே போகின்றன, அதனால் திரும்ப வேண்டுமென்றால் பாதிக்குக் கீழேயே திரும்ப வேண்டும்.

வானிலைக் கணிப்பை ஒரு வாரம் முன்பே பார்க்கத் தொடங்கினோம். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் வரைபடத்தில் சிகரத்தின் மேலேயே சொடுக்கினால் அந்த இடத்துக்கான கணிப்பு கிடைக்கும். பக்கத்து ஊருக்கான கணிப்பை நம்பக் கூடாது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறு, ஆறரை டிகிரி குளிர் கூடும், மேலே காற்றும் வேறு. பிற்பகல் இடிக்கான வாய்ப்பு 30 சதவீதத்துக்கு மேல் என்றால் கதீட்ரல் வேண்டாம் என்பது எங்கள் விதி. அன்று டெனாயா ஏரிக்கரையில் இருக்கும் ஸ்டேட்லி பிளஷர் டோம் பாறைக்குப் போவதாக இருந்தோம். சாலையிலிருந்து சில நிமிட நடை, நான்கைந்து பிட்ச் எளிய வழிகள், கெட்டது நடந்தால் வண்டி கண்ணுக்கு முன்னே நிற்கும். இந்த மாற்று இடம் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். மாற்று இல்லாதவர்கள்தான் மோசமான நாளில் பெரிய மலைக்குப் போகிறார்கள். 1985 ஜூலையில் இதே பூங்காவின் ஹாஃப் டோம் உச்சியில் மின்னல் தாக்கி இரண்டு பேர் இறந்தார்கள்.

இந்த முறை ஒரு நாள் முன்னதாகவே போய், டியோகா கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு முகாமில் தூங்கினோம். டியோகா சாலை பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும். பனியைப் பொறுத்து மே கடைசியில் திறக்கலாம், ஜூலை வரை இழுத்தாலும் இழுக்கும். கணவாயே 9,943 அடி. அந்த ஓர் இரவு தலைவலியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. சாப்பாட்டை வண்டியில் விடக் கூடாது, கரடிகள் கதவைப் பிய்த்துவிடும். அதற்கென்று இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன.

இருவருக்கும் சேர்த்து ஒரே பை, இரண்டாவதாக ஏறுபவர் சுமப்பது. ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, ஆளுக்கொரு ஹெட்லேம்ப். நண்பகலில் முடிந்துவிடும் என்று தெரிந்தாலும் ஹெட்லேம்ப் வரும். கடலை மிட்டாய், பேரீச்சை, சின்ன உருண்டைகளாகப் பிடித்த எலுமிச்சைச் சாதம். உட்கார்ந்து சாப்பிட நேரம் வைக்கவில்லை. மற்றவர் ஏறி வரும்போது ஒரு கை எப்போதும் கயிற்றில் இருக்க வேண்டும், ஆகவே அவர் வந்து தன்னைப் பூட்டிக்கொண்ட பிறகு ஆளுக்கு ஒரு வாய். நடக்கும் செருப்பைப் பாறையடியில் விட்டுப் போகிறவர்கள் உண்டு. நாங்கள் இடுப்பில் கட்டும் ஹார்னஸில் மாட்டிக்கொண்டோம், இறங்கும் வழி மலையின் பின்பக்கம். கீழே பையை விட்டாலும் மார்மட் என்ற பருத்த மலைக்கொறிணி வியர்வை உப்புக்காகவே வாரைக் கடித்துத் தின்னும்.

என் அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: எந்த மலை, எந்த வழி, வண்டி எங்கே, இரவு ஒன்பதுக்குள் நாங்கள் பேசவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும். மேலே போன் பெரும்பாலும் எடுக்காது.

ஐந்து மணிக்குப் பதில் 5:10-க்கு நடக்கத் தொடங்கினோம். அரை மணிக்குப் பிறகு ஹெட்லேம்ப் தேவைப்படவில்லை. பட் ஓடையைத் தொட்டுக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதை, பைன் வாசம், ஓடைச் சத்தம். மரங்கள் விலகியதும் சிகரம் திடீரென்று முழுசாகத் தெரியும். அதன் கூர்மைக்குக் காரணம் இருக்கிறது. பனியூழியில் இந்தப் பகுதியெங்கும் பனிப்பாறை மூடியிருந்தபோது, கதீட்ரலின் தலை மட்டும் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே உள்ள குன்றுகளைப் பனி வழித்து மொழுமொழுவென்று ஆக்கியது, இந்த உச்சியை மட்டும் விட்டுவிட்டது. பாறைக்கு வயது சுமார் 8.8 கோடி ஆண்டு. அதில் விரல் நீளத்துக்கு ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். சுற்றியிருக்கும் கல் தேய, படிகம் மட்டும் மிஞ்சியதால் வந்த புடைப்பு. கால் வைக்க அதைவிட நல்ல படி கிடையாது. நாமக்கல் கோட்டைப் பாறையைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வழுக்குப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த நினைவோடு இதைத் தொட்டபோது, கல் எத்தனை விதம் என்று மலைத்துப் போனேன்.

பாறையடியில் 7:20. எங்களுக்கு முன்னே ஓர் அணி மட்டும். அடிப்பகுதியில் முகம் அகலமாக இருப்பதால் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் வலப்பக்கமாக எங்கள் முதல் பிட்சைத் தொடங்கினோம். 7:50.

ஏறுவதைப் பற்றி எழுதுவதைவிட நிற்பதைப் பற்றி எழுதவே எனக்கு ஆசை, ஏனென்றால் நேரம் அங்கேதான் தொலைகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் பத்து நிமிடம் வீணானால் ஆறு பிட்சில் ஒரு மணி போய்விடும். ஒருவர் மாற்றி ஒருவர் முன்னே போனோம். இரண்டாவதாக வந்தவள் அடுத்த பிட்சுக்கு முதலாவது. வரும்போதே கழற்றிய கேம்களை அளவு வாரியாக இடுப்பில் மாட்டிக்கொண்டு வருவாள், நான் என்னிடம் மிச்சமிருப்பதைக் கொடுப்பேன், தண்ணீர் ஒரு மடக்கு, அவள் என் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாள், நான் அவளுடையதை. நாலு நிமிடத்தில் மேலே போயிருப்பாள். இந்த நாலு நிமிடத்தை வீட்டுப் பின்கட்டில், வேலிக்கம்பத்தில் நங்கூரம் கட்டி, மூன்று வாரம் பழகியிருந்தோம்.

காற்றில் குரல் கேட்காது. கயிறு தீர்ந்ததும் அவள் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் நின்ற அனுபவம் முதல் தடவை இருந்தது. இம்முறை சைகை பேசி வைத்திருந்தோம்: மூன்று முறை நீளமாக இழுத்தால் "நான் பூட்டிக்கொண்டேன்". கூப்பிடும்போது தமிழிலேயே கூப்பிட்டோம். பக்கத்து அணி இங்கிலீஷில் கத்தும் அதே சொல்லை நம்முடையது என்று நினைத்து பிலேயை எடுத்துவிட்டால் உயிர் போய்விடும். "அக்கா, கட்டிட்டேன்!" என்ற சத்தம் அந்தப் பாறையில் வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

பிளவின் கீழே முன்னால் போனவர்களை எட்டிப் பிடித்துவிட்டோம். இளம் ஜோடி, அந்தப் பெண்ணுக்குப் பை பிளவுக்குள் சிக்கிக்கொண்டது. இருபத்தைந்து நிமிடம் போயிற்று. நான் சீட்டை எடுத்துப் பார்த்தேன். நேரம் ஓடுவது தெரிந்தும் மனம் பதறாமல் இருந்தது எனக்கே புதிது. 10:45 வரை காத்திருக்கலாம், அதற்குமேல் இறங்கலாம், இரண்டில் எதையும் நான் அப்போது முடிவு செய்ய வேண்டியதில்லை. அந்தப் பெண்ணிடம், பையைக் கழற்றிக் காலுக்கடியில் ஒரு ஸ்லிங்கில், அதாவது நாடா வளையத்தில், தொங்கவிட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். போய்விட்டாள். என் முறை வந்தபோது நானும் அப்படியே செய்தேன். முதுகை ஒரு சுவரில் அழுத்தி, பாதத்தை எதிர்ச்சுவரில் ஊன்றி, மூச்சை விட்டுவிட்டு ஓர் அங்குலம், மறுபடி ஓர் அங்குலம். வெளியே தலை நீட்டியபோது மணி 10:20.

உச்சி 12:15. ஒரு கட்டில் அளவுதான் அந்தக் கல், நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். மேற்கே ஐக்ஹார்ன் ஊசி என்ற கூரிய பாறை நின்றது. ராபர்ட் அண்டர்ஹில் என்ற ஹார்வர்ட் தத்துவ ஆசிரியர் 1931 கோடையில் சியராவுக்கு வந்து, முறையாகக் கயிறு கையாள்வதை இங்குள்ள இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஜூல்ஸ் ஐக்ஹார்னும் கிளென் டாசனும் அந்த ஊசியின் மேல் முதலில் ஏறியது அதே கோடையில்தான். அதே ஆகஸ்டில் இருவரும் அண்டர்ஹில்லோடும் மலையேறி நார்மன் கிளைடோடும் விட்னி சிகரத்தின் கிழக்கு முகத்தை ஏறினார்கள். அப்போது இருவருக்கும் இருபது வயதுகூட நிரம்பவில்லை. தங்கைக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே தெற்கில் ஒரு மேகம் காலிஃபிளவர் போல வெடித்து எழுவதைப் பார்த்தோம். பன்னிரண்டு நிமிடம் இருந்திருப்போம். அவள் கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே கயிற்றைச் சுருட்டத் தொடங்கிவிட்டாள்.

உச்சிக் கல்லிலிருந்து பின்பக்கம் சில அடி, கையும் காலும் ஊன்றி இறங்க வேண்டும். எளிதுதான். ஆனால் ஏறி முடித்த மகிழ்ச்சியில் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பலர் இங்கே தவறு செய்ய வாய்ப்பிருப்பதால், நாங்கள் கட்டிக்கொண்டே இறங்கினோம். பிறகு செருப்பு மாற்றி, மணலும் சரளையுமான சரிவில் மலையைச் சுற்றி வந்து பழைய பாதையைப் பிடித்தோம். இதற்கும் சீட்டில் மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். முழங்கால் வலித்தது, நாலு மணி நேரம் ஆயிற்று. பைன் மரங்களுக்குள் வந்தபோது மின்னல் தெரிந்தது. எண்ணினேன். முப்பதைத் தாண்டிய பிறகுதான் இடி கேட்டது.

வண்டிக்கு வந்தபோது 4:20. முதல் வேலையாக அக்காவுக்குச் செய்தி அனுப்ப, போன் எடுக்கும் இடத்தைத் தேடிப் போனோம். வழியில் தங்கை என் சட்டைப்பையிலிருந்து சீட்டை உருவி, ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் நடந்த நேரத்தை எழுதினாள். 5:10. 7:20. 7:50. 10:20. 12:15. இறக்கத்துக்கு எதிரே மட்டும் "ஒரு மணி கூட்டு" என்று எழுதி வட்டம் போட்டாள். பிறகு ரசீதில் மிச்சமிருந்த ஓர் அங்குல வெள்ளையில் "மேத்ஸ் கிரெஸ்ட்" என்று அடுத்த மலையின் பெயரை எழுதி, அதன் கீழே ஒரு நேரத்தைக் குறித்தாள்: 2:30.

"அது எழுந்திரிக்கிற நேரமா?" என்றேன்.

"கணக்கு சொல்லுது அக்கா."